எது ஓடுகிறது, எது தூங்குகிறது?



இம்மாத உரையில் ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம். கூட்டல், பெருக்கல், வீதம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். ஒரு கடையிலோ களஞ்சியத்திலோ இருக்கின்ற நூற்றுக்கணக்கான சாமான்களில் எதை முதலில் மறுபடி வாங்கி நிரப்புவது, எதை ஆறுதலாகப் பார்ப்பது என்று தீர்மானிக்கிற கணக்கு இது. நம்மவர்களில் பலர் களஞ்சியங்களில் வேலை செய்கிறீர்கள். சிலர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறீர்கள். கோயில் மடப்பள்ளியையும் சங்க விழாக்களின் சமையலையும் பொறுப்பெடுத்துச் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் இது உதவும். இந்தக் கணக்கைச் செய்யாமல் விட்டதால் எங்கள் குடும்பத்துக்கு வந்த நட்டத்தையும், பிறகு அதைச் செய்தும் நான் விட்ட ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் ஆல்பனியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். வில்லியம் பிக்கரிங் டிரைவ், அப்பலோ டிரைவ் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வரிசையாகப் பெரிய பெரிய கொட்டகைகள். ஊரில் நாங்கள் கிட்டங்கி என்று சொல்வோமே, அதுதான், அளவில் பல மடங்கு பெரியது. வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, கையில் ஒரு தாளோடு நடந்து நடந்து பெட்டிகளை எடுத்து வருவது. அப்போது நான் கவனித்த முதல் விடயம், நான் நடந்த தூரத்தில் பெரும் பகுதி ஒரு சில றாக்கைகளுக்கே என்பதுதான். ஆயிரக்கணக்கான சாமான்கள் அடுக்கியிருந்தாலும் நாளாந்தம் கை போவது சிலவற்றுக்குத்தான். மற்றவை தூசி படிந்து தூங்கிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, முறையாகக் கற்பிக்கிறார்கள் என்பதெல்லாம் சில வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

சித்தப்பாவின் கடை

கிளென்பீல்ட் பக்கம் என் சித்தப்பா ஒரு சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறார். கடையில் இடம் போதாமல் ஆல்பனியில் ஒரு சிறு அறையையும் வாடகைக்கு எடுத்துச் சரக்கு வைத்திருந்தார். 2018இல் ஒரு நாள் இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, வியாபாரம் நல்லாத்தான் நடக்குது. ஆனா கையில காசு இல்லை. வங்கிக்குக் கட்டவும் காணாது. எங்க போகுது எண்டு தெரியேல்லை" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்த அறையைத் திறந்து பார்த்தோம். காசு எங்கே போனதென்று உடனே தெரிந்தது. அது பெட்டி பெட்டியாகச் சுவரோரம் நின்றது. ஒடியல் மா மட்டும் 30 பெட்டி. திகதி முடிந்த பிஸ்கட். பாதி கரைந்துபோன பனங்கட்டி. யாரோ ஒருவர் கேட்டார் என்பதற்காக எடுத்த சாமான்கள், ஊரில் சாப்பிட்ட ஞாபகத்துக்காக எடுத்த சாமான்கள். அதே வாரம் கடையில் சம்பா அரிசி முடிந்து, வந்தவர்கள் வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள்.

"கடை எண்டால் றாக்கை நிறைஞ்சு இருக்கவேணும், தம்பி" என்பது சித்தப்பாவின் கொள்கை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 1990இலிருந்து வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எரிபொருள், பற்றரி, பசளை, சீமெந்து என்று ஒவ்வொன்றாக இல்லாமல் போன காலம் அது. கிடைக்கிறபோது வாங்கி வைக்காதவன் பிறகு கஷ்டப்பட்டான். இன்றைக்கும் நம் வீடுகளில் பலவற்றின் கராஜைத் திறந்தால் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும். அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றியது. ஆனால் வங்கிக் கடனில் நடக்கிற கடையில் அதே பழக்கம் கழுத்தை நெரிக்கும். தூங்குகிற ஒவ்வொரு பெட்டிக்கும் வட்டியும் வாடகையும் போய்க்கொண்டேயிருக்கும்.

மூன்று வகுப்புகள்

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு சாமானும் கடந்த 12 மாதத்தில் எத்தனை விற்றது என்று எடுத்தேன். அதை விலையால் பெருக்கினேன். கூடிய பெறுமதி மேலே, குறைந்தது கீழே என்று வரிசைப்படுத்தினேன். விளங்குவதற்காகப் பத்துச் சாமான் மட்டும் உள்ள ஒரு சிறு கடையை நினைத்துக்கொள்வோம். அதன் வருட விற்பனை 100,000 டொலர்.

சம்பா அரிசி 36,000. மைசூர்ப் பருப்பு 18,000. தேங்காய்ப்பால் 16,000. இந்த மூன்றும் சேர்ந்து 70,000, அதாவது 70 வீதம். இவை ஏ வகுப்பு.

மிளகாய்த்தூள் 9,000. கோதுமை மா 6,000. இடியப்ப மா 5,000. மூன்றும் 20,000, அதாவது 20 வீதம். இவை பி வகுப்பு.

நல்லெண்ணெய் 4,000. அப்பளம் 3,000. கற்பூரமும் ஊதுபத்தியும் 2,000. சரக்குத்தூள் 1,000. நான்கும் சேர்ந்து 10,000, அதாவது 10 வீதம். இவை சி வகுப்பு.

பத்தில் மூன்று சாமான்தான் கடையின் பெரும் பங்கைச் சுமக்கிறது. நூறு சாமான் இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் பெரும்பாலும் இதே மாதிரித்தான் வரும். பிரிக்கிற கோடு சரியாக 70, 90 என்றுதான் இருக்கவேண்டும் என்றில்லை. 80, 95 என்று வைப்பவர்களும் உண்டு.

இந்த உண்மையை வேறொரு இடத்தில் கண்டவர் வில்பிரடோ பரேட்டோ என்ற இத்தாலியப் பொருளியலாளர். நாட்டின் செல்வம் சிலர் கையிலேயே குவிந்திருப்பதை 1890களில் அவர் கணக்குப் போட்டு எழுதினார். பிறகு ஜோசப் ஜுரான் என்பவர், தொழிற்சாலைகளில் ஏற்படும் பழுதுகளும் இப்படித்தான், ஒரு சில காரணங்களே பெரும்பாலான பழுதுகளைத் தருகின்றன என்று கண்டு, அதற்குப் பரேட்டோவின் பெயரையே வைத்தார். களஞ்சியச் சரக்கை ஏ, பி, சி என்று பிரிக்கும் முறையை 1951இல் எழுதிப் பரப்பியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த போர்ட் டிக்கி. எல்லாச் சாமானுக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்து நேரத்தை வீணாக்காதே, காசு எங்கே நிற்கிறதோ அங்கே பார் என்பதே அதன் சாரம்.

ஆகவே ஏ வகுப்பை மாதாமாதம் எண்ண வேண்டும், பி வகுப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சி வகுப்பை வருடத்தில் இரண்டு முறை. வாங்கும்போதும் அப்படியே. ஏ வகுப்பைக் கவனமாக, அடிக்கடி, அளவாக எடுக்க வேண்டும். மலிவான சி வகுப்புச் சாமானுக்காக வாராவாரம் தலையை உடைக்கத் தேவையில்லை.

காசா, கால்நடையா?

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. காசின்படி வரிசைப்படுத்துவது ஒரு முறை. எத்தனை தடவை கேட்டு எடுத்தார்கள் என்பதன்படி வரிசைப்படுத்துவது இன்னொரு முறை. இரண்டும் ஒரே விடை தராது.

வருடத்தில் இரண்டு பேர் வாங்குகிற பெரிய குத்துவிளக்கு காசுக் கணக்கில் மேலே வரலாம். தீப்பெட்டி கீழே கிடக்கும். ஆனால் தீப்பெட்டிக்கு ஒரு நாளில் இருபது பேர் கை நீட்டுகிறார்கள். எனவே எதை வாசலுக்குக் கிட்ட, குனியாமல் எடுக்கிற உயரத்தில் வைப்பது என்று கேட்டால், தடவைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். நான் வேலை செய்கிற இடத்தில் அதிகம் எடுக்கப்படும் பெட்டிகளை இப்படி முன்னுக்குக் கொண்டுவந்த பிறகு எங்கள் கால்வலி குறைந்தது. இது பகிடியில்லை.

இன்னொன்று. வருடத்தில் 60 போத்தல் நல்லெண்ணெய் விற்றது என்று கணக்குக் காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் 48 போத்தலைத் திருவிழாவுக்காக ஒருவர் ஒரே நாளில் எடுத்திருப்பார். மீதி 12தான் வருடம் முழுவதும் வந்த சாதாரண விற்பனை. மொத்தத்தை மட்டும் பார்த்து மாதம் ஐந்து போத்தல் வேண்டும் என்று வாங்கினால் அவை தேங்கி நிற்கும். எத்தனை போத்தல் போனது என்பதோடு எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதையும் பாருங்கள்.

எப்போது மறுபடி வாங்குவது?

வரிசை போட்டாயிற்று. அடுத்தது, எந்த அளவுக்கு இறங்கினால் மறுபடி ஓடர் கொடுப்பது என்ற கேள்வி. றாக்கை வெறுமையான பிறகு யோசிப்பது பிழை. சாமான் வந்து சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்பதே இதற்குத் திறவுகோல்.

வாரம் 20 பை சம்பா அரிசி போகிறது என்று வைப்போம். ஓடர் கொடுத்து, கப்பலில் ஏறி, வழியில் வேறு துறைமுகத்தில் மாறி, இங்கே சோதனைகள் முடிந்து கைக்கு வர 10 வாரம். அப்படியானால் வழியில் இருக்கும் காலத்துக்கு மட்டும் 200 பை வேண்டும். கப்பல் பிந்தினால் சமாளிக்க மூன்று வாரத்துக்கு 60 பை. மொத்தம் 260. கையிருப்பு 260க்கு இறங்கும் நாளில் ஓடர் போக வேண்டும்.

தேங்காய்ப்பாலும் ஏ வகுப்புத்தான். ஆனால் அது ஒக்லாந்திலேயே மொத்த வியாபாரியிடம் ஒரு வாரத்தில் கிடைக்கிறது. வாரம் 5 பெட்டி போகிறதென்றால் 5 பெட்டியும், பாதுகாப்புக்கு 3 பெட்டியும், ஆக 8 பெட்டி போதும். ஒரே வகுப்பு, ஆனால் ஒன்றுக்கு மூன்று மாதச் சரக்கு, மற்றதுக்கு இரண்டு வாரச் சரக்குக்கூட வேண்டாம்.

கையிருப்பு என்று சொல்லும்போது கடலில் வந்துகொண்டிருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கடையில் 120 பையும் கப்பலில் 150 பையும் இருந்தால் உங்களிடம் இருப்பது 270. இன்னும் ஓடர் கொடுக்கும் நேரம் வரவில்லை. சித்தப்பா கடையில் இருந்ததை மட்டும் பார்த்துப் பதறிப்போய் இரண்டாவது ஓடரும் கொடுத்துவிடுவார். பிறகு இரண்டும் ஒன்றாக வந்து இறங்கும்.

பாதுகாப்புக்கு வைக்கும் அளவும் காலத்துக்குக் காலம் மாறும். 2020 இறுதியிலும் 2021இலும் ஒக்லாந்துத் துறைமுகத்தில் நெரிசல் ஏற்பட்டு, கப்பல்கள் வெளியே காத்து நின்றன. அந்த நேரத்தில் மூன்று வாரம் காணாது. 2023 ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. 2024 செப்டெம்பரில் அந்தத் தடை நீங்கியது. வெளியூர்ச் செய்தி கேட்பதும் கடைக்காரருக்கு ஒரு கணக்குத்தான்.

கணக்குக்குத் தெரியாதது

இனி என் பிழையைச் சொல்கிறேன். வரிசையைப் போட்டு முடித்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். சித்தப்பாவை இருத்தி, சி வகுப்பின் அடியில் கிடந்தவற்றை எல்லாம் இனிமேல் எடுக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வெட்டினேன். அவருக்கு மனமில்லை. ஆனாலும் படித்த பெடியன் சொல்கிறான் என்று கேட்டார். ஆறு மாதத்தில் வங்கிக் கடன் குறைந்தது. ஆல்பனியில் எடுத்த வாடகை அறையையும் விட்டுவிட்டோம்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை நான் கடையில் நின்றபோது ஓர் அம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "தம்பி, சரக்குத்தூள் இருக்கோ? மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது. பத்தியக்கறி வைக்கவேணும்" என்றார். அது நான் வெட்டிய பட்டியலில் இருந்தது. சித்தப்பாவின் கடையில் வருடம் முழுவதற்கும் ஏழோ எட்டோ பைக்கற்றுத்தான் போயிருந்தது. இல்லை என்றேன். "இதுவும் இல்லையோ" என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அரிசியும் பருப்பும் வாங்க எடுத்த கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவரை அந்தக் கடையில் நான் காணவில்லை.

ஒரு பைக்கற்று சி வகுப்புச் சாமான் இல்லாததால் ஏ வகுப்புச் சாமான் வாங்கும் ஒரு குடும்பமே போய்விட்டது. அது வியாபார நட்டம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு போன ஒரு தாயின் முகம் எந்தக் கணக்கிலும் வராது.

பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது. விற்பனைப் பட்டியல் விற்றதை மட்டுமே சொல்லும். கேட்டு இல்லாமல் திரும்பியவரை அது காணாது. சாமான் முடிந்து றாக்கை வெறுமையாக இருந்த நாட்களையும் அது 'விற்கவில்லை' என்றுதான் எழுதும். தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் புத்தகத்தைப் பார்த்தால் பற்றரி விற்பனை பூச்சியமாக இருந்திருக்கும். சனத்துக்குப் பற்றரி தேவைப்படவில்லை என்று அதற்கு அர்த்தமா? இதை நேரில் அனுபவித்த நானே அதை மறந்துவிட்டேன். மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச் 25 இரவு நியூசிலாந்து முடக்கத்துக்குள் போனபோது கோதுமை மா எல்லாக் கடைகளிலும் பறந்தது. அந்த மாத விற்பனையைப் பார்த்து அடுத்த வருடத்துக்கு மா எடுத்தால் அது வண்டு பிடித்துத்தான் போகும்.

மருந்துக் களஞ்சியம் சொல்லும் பாடம்

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் வைத்தியசாலைக்காரர்கள். இந்திய வைத்தியசாலைகளில் ஏ, பி, சி வரிசையோடு இன்னொரு வரிசையும் போடுவார்கள். உயிர்காக்கும் மருந்து, அவசியமான மருந்து, இருந்தால் நல்லது என்ற மருந்து என்று மூன்று பிரிவு. பாம்புக்கடி மருந்தை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் தேவைப்படும் இரவில் அது இல்லையென்றால் ஓர் உயிர் போய்விடும். ஆகவே எவ்வளவு மெதுவாகப் போனாலும் முதற்பிரிவு மருந்து ஒருபோதும் முடிய விடப்படக் கூடாது.

தமிழ்நாட்டில் 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் களஞ்சியம் வைத்து, அவற்றைக் கணினியால் இணைத்து, எங்கே எது எவ்வளவு போகிறது, எவ்வளவு இருக்கிறது என்று சென்னையிலிருந்து பார்த்து மருந்து வாங்குகிறார்கள். ஒவ்வோர் அரசு வைத்தியசாலைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய அளவு அது எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிட்டு, ஓரிடத்தில் மருந்து காலாவதியாக, இன்னோரிடத்தில் இல்லாமல் போகும் நிலையைத் தவிர்க்க இது வழி செய்தது. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் பிறகு இந்த வழியில் கழகங்கள் அமைத்தன. ஓட்டத்தைப் பார்த்து வாங்குவதும், அவசியமானவற்றின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைப்பதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதை விட்டுவிட்டேன்.

நீங்கள் செய்யக்கூடியது

சித்தப்பாவின் கடையில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். வேண்டியவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ, பி, சி வரிசையைப் புதிதாகப் போடுகிறோம். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நவராத்திரி, தீபாவளிக் காலங்களைச் சென்ற வருடத்தின் அதே காலத்தோடு மட்டும் ஒப்பிடுகிறோம்.

இரண்டாவது, கூடுதலாக ஓடுகிற ஒவ்வொரு சாமானுக்கும் மறுபடி ஓடர் கொடுக்கும் அளவை றாக்கையிலேயே ஒட்டியிருக்கிறோம்.

மூன்றாவது, ஒரு வருடமாக அசையாத சாமானை விலை குறைத்தாவது விற்றுவிடுகிறோம். ஒடியல் மாவில் இப்போது 2 பெட்டி மட்டும். கூழ் காய்ச்சுகிற வீடுகள் எவை என்று சித்தப்பாவுக்குத் தெரியும்.

நான்காவது, காசு வாங்கும் இடத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. அதன் மட்டையில் சித்தப்பா தன் கையாலேயே 'கேட்டார்கள், இல்லை' என்று எழுதியிருக்கிறார். யார் எதைக் கேட்டு இல்லாமல் போனாலும் அதில் ஒரு கோடு விழும். வரிசை போடும் நாளில் அந்தக் கொப்பியும் மேசையில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் முடிய விடக்கூடாத சாமான்களின் பட்டியல் ஒன்று. பிள்ளை பெற்ற வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு, திவசத்துக்கு வேண்டியவை. மொத்தம் 14 சாமான். எல்லாவற்றையும் வைத்திருக்க ஆகும் காசு, முன்பு தூங்கிய ஒடியல் மாவின் காசில் பாதிகூட இல்லை. அந்தப் பட்டியலில் முதலாவது பெயர் சரக்குத்தூள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். அளக்கத்தான் வேண்டும். அளந்த பிறகு, அந்த அளவுக்குள் வராமல் வாசலோடு திரும்பிப் போனவர் யார் என்றும் ஒருமுறை பாருங்கள்.